பெட்டி வைக்க இடமில்லாத கார்

முதல் நாள்: வியன்னா

கரூரில் பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் கழித்தவன் நான். வெறும் சேஸி ஓடி வரும். கூரை, கண்ணாடி, இருக்கை, பெயிண்ட் எல்லாம் ஏற்றி முழு பஸ்ஸாக்கி அனுப்புவோம். முன்முகத்தை வளைத்து வளைத்து அழகு பார்ப்போம். பின்பக்கத்தைச் சுவர்போல நிமிர்த்தி விட்டுவிடுவோம். அந்தப் பின்பக்கம்தான் டீசலைக் குடிக்கிறது என்பதை எனக்குப் புரியவைத்தது ஒரு பழைய புகைப்படம். 1921-ல் பெர்லின் மோட்டார் கண்காட்சியில் எட்மண்ட் ரும்ப்ளர் கொண்டுவந்து நிறுத்திய கார் அது. முன்னால் உருண்டை, பின்னால் கூர்வால். ஜெர்மன் மொழியில் 'ட்ரொப்ஃபன்வாகன்', அதாவது துளி வண்டி. அந்த வண்டியை நேரில் பார்க்கத்தான் வந்திருக்கிறேன். ஊரில் கேட்டவர்கள் பாதிப் பேர் சிரித்தார்கள், மீதிப் பேர் ஈபிள் கோபுரம் வழியில் வருமா என்று விசாரித்தார்கள்.

ரும்ப்ளர் 1872-ல் இந்த ஊரில் பிறந்தவர், யூதர். அதனால் வியன்னாவிலேயே தொடங்கினேன்.

தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் நான் முதலில் போய் நின்றது சீக்ஃப்ரீட் மார்க்கஸ் செய்த வண்டியின் முன்னால். மரச் சட்டம், மரச் சக்கரம், கீழே பெட்ரோல் என்ஜின். இது 1875-ஐச் சேர்ந்தது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பிற்பாடு ஆராய்ந்து 1888-89 என்று திருத்தினார்கள். தேதி தவறியதில் யாருக்கும் குற்றமில்லை. வேறொரு திருத்தம்தான் மனத்தை உறுத்தியது. மார்க்கஸும் யூதர். 1938-ல் அவருடைய சிலையை அகற்றினார்கள். 1940-ல், காரைக் கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் மார்க்கஸின் பெயரை எடுத்துவிட்டு டைம்லர், பென்ஸ் பெயர்களைப் போடும்படி கலைக்களஞ்சியங்களுக்கு ஜெர்மன் பிரச்சார அமைச்சகம் எழுதியது. சிலை 1948-ல் திரும்ப வந்தது. மாலையில் கார்ல்ஸ்பிளாட்ஸில், தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் முன்னால் அதைப் பார்த்தேன். இரண்டு மாணவர்கள் அதன் காலடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

அதே அருங்காட்சியகத்தில் இன்னொரு பொருளும் என் பட்டியலில் இருந்தது: இகோ எட்ரிக் வடிவமைத்த 'டாவ்ப' விமானம். டாவ்ப என்றால் புறா. மேலிருந்து பார்த்தால் நிஜமாகவே புறாதான். இறக்கையின் நுனிகள் பின்பக்கமாக வளைந்து விரிந்திருக்கின்றன, வால் விசிறி போலிருக்கிறது. ஆனால் எட்ரிக் அந்த இறக்கையைப் புறாவிடமிருந்து எடுக்கவில்லை. ஜாவா பக்கத்துக் காடுகளில் மரமேறிப் படரும் ஒரு கொடி. நம் பூசணி, பீர்க்கையின் தூரத்து உறவு. அதன் விதைக்கு மெல்லிய தாள் போன்ற சிறகு உண்டு. காய் உச்சியில் பிளந்ததும் விதை தானாகவே சறுக்கிச் சறுக்கிப் பறக்கும். அதைப் பார்த்துச் செய்த இறக்கை இது. திரும்புவதற்கு இறக்கையையே கம்பியால் முறுக்க வேண்டும்.

இந்தப் புறாவுக்கும் ரும்ப்ளருக்கும் நடந்த வழக்கைப் பெர்லின் போனதும் எழுதுகிறேன். அதில் அவர் நல்லவர் இல்லை.

இரண்டாம் நாள்: கொப்ரிவ்னிட்சே

வியன்னாவிலிருந்து வடக்கே போகும் ரயில் செக் எல்லையைத் தாண்டியதும் நிலம் மெல்ல மேடாகிறது. வண்டி மாறி, மலையடிவாரத்துச் சிறிய ஊரான கொப்ரிவ்னிட்சேயில் இறங்கினேன். டாட்ரா லாரி பிறந்த ஊர். ரும்ப்ளர் காலத்தில் இது ஆஸ்திரியப் பேரரசுக்குள் இருந்தது, பெயர் நெசல்ஸ்டார்ஃப். குதிரை வண்டியும் ரயில் பெட்டியும் கட்டிய தொழிற்சாலை ஒன்று 1897-ல் 'பிரசிடென்ட்' என்ற காரைச் செய்தது. 25 வயது ரும்ப்ளர் அந்தப் பணியில் இருந்தார். கூடவே 19 வயதில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்: ஹான்ஸ் லெட்விங்கா.

இங்கே இருக்கும் பிரசிடென்ட் மறுபடி செய்த நகல்தான். ஆனாலும் அருகில் போய் நின்றபோது எனக்குச் சொந்தக்காரர் வீட்டுக்கு வந்தது போலிருந்தது. பென்ஸ் என்ஜினை வாங்கி, தங்களுக்குத் தெரிந்த சாரட்டு உடலை மேலே வைத்திருக்கிறார்கள். அதாவது பாடி கட்டுகிறவர்களின் வேலை. வட்ட ஸ்டீயரிங் கிடையாது, சைக்கிள் போலக் கைப்பிடி. குதிரை மட்டும்தான் இல்லை. குதிரையின் இடம் அப்படியே காலியாக இருக்கிறது. 1898 மே மாதம் இந்த வண்டி இங்கிருந்து வியன்னாவுக்கு 328 கிலோமீட்டர் ஓடியது. நிறுத்தங்களைக் கழித்தால் 14½ மணி நேரம். எங்கள் பட்டறைக்கு மொட்டை சேஸியை ஓட்டிவரும் டிரைவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, பலகைமேல் உட்கார்ந்து வருவார்கள். அவர்களை நினைத்துக்கொண்டேன்.

ரும்ப்ளர் இங்கே நெடுநாள் தங்கவில்லை. பெர்லின், டைம்லர் என்று சுற்றி 1902-ல் ஃபிராங்ஃபர்ட்டில் ஆட்லர் நிறுவனத்துக்குப் போனார். 1903-ல் 'ஸ்விங் ஆக்சில்' என்ற பின் அச்சுக்குக் காப்புரிமை எடுத்தார். இதை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்வது எளிது. ஒரே இரும்பு அச்சு இரண்டு சக்கரத்தையும் பிடித்திருந்தால், இடது சக்கரம் கல்லில் ஏறும்போது வலது சக்கரமும் சாயும், வண்டியே குலுங்கும். ரும்ப்ளர் அச்சை நடுவில் அறுத்தார். பல்சக்கரப் பெட்டியைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு, இரு பக்கமும் அரை அச்சு தனித்தனியாக மேலும் கீழும் ஆடும்படி விட்டார். இந்தச் சக்கரம் பள்ளத்தில் விழுவது அந்தச் சக்கரத்துக்குத் தெரியாது. குறை உண்டு: வேகமாகத் திரும்பும்போது சக்கரம் உள்பக்கம் மடிந்து வண்டியின் பின்பகுதி வாரிவிடும். ஆனாலும் மேடுபள்ளத்தில் இதற்கு இணையில்லை.

ரும்ப்ளர் விட்டுப்போன ஊரில் அந்த யோசனையைப் பிற்பாடு வளர்த்தவர் லெட்விங்கா. நடுவில் ஒரு குழாய்தான் முதுகெலும்பு, அதிலிருந்து ஆடும் அரை அச்சுகள்: 1923-ன் டாட்ரா 11 இப்படித்தான் வந்தது. டாட்ரா லாரிகள் இன்றும் அதே வழிதான். ஜனவரி 26 அணிவகுப்பில் பினாகா ராக்கெட் சுமந்து வரும் லாரியைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் டாட்ராதான். அடுத்த முறை ராக்கெட்டை விட்டுவிட்டுச் சக்கரத்தைப் பாருங்கள். சுமை இல்லாதபோது சக்கரங்களின் அடிப்பக்கம் உள்நோக்கி ஒடுங்கிச் சாய்ந்து நிற்கும்.

இங்கே 1934-ன் டாட்ரா 77 குடும்பத்துக் கார்களையும் பார்த்தேன். முதுகில் மீன் துடுப்பு, பின்னால் காற்றால் குளிரும் வி-8 என்ஜின். அழகு என்றால் அழகு. லெட்விங்காவுக்குக் கிடைத்த பரிசு, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், எதிரியான ஜெர்மானியருக்கு உழைத்தார் என்ற குற்றச்சாட்டில் 1951 வரை சிறை.

மூன்றாம் நாள்: பிராக்

அசல் பிரசிடென்ட் இங்கே தேசியத் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நேற்று நகலைப் பார்த்தபோது வந்த பரவசம் இன்று அசலைப் பார்த்தபோது வரவில்லை. ஏன் என்று தெரியவில்லை. ரயிலில் தூங்கி, இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய், பெட்டியை இழுத்துக்கொண்டு திரும்பி வந்த களைப்பாக இருக்கலாம். பெட்டி 23 கிலோ. அதில் 6 கிலோ அக்கா தன் மகனுக்குக் கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் வகையறா. பையன் மியூனிக்கில் படிக்கிறான்.

நான்காம் நாள்: மியூனிக்

ஷ்வான்தாலர்ஹூஹே நிலையத்தில் மேலே ஏறினால் டாய்ச்சஸ் மியூசியத்தின் போக்குவரத்துப் பிரிவு. 1908-ல் கண்காட்சிக்காகக் கட்டிய பெரிய கூடங்கள். மருமகன் வாசலில் காத்திருந்தான். "மாமா, முதலில் எதைப் பார்க்கலாம்?" என்றான். "முதலும் கடைசியும் ஒன்றுதான் கண்ணு" என்றேன்.

நான் படத்தில் பார்த்து நினைத்திருந்ததைவிட வண்டி உயரம். தாழ்வாகப் பதுங்கும் பந்தயக் கார் போலிருக்கும் என்று எதிர்பார்த்தேன். இது நிமிர்ந்து நிற்கிறது, சிறு படகைத் தூக்கி நான்கு சக்கரத்தின்மேல் வைத்ததுபோல. பக்கச் சுவர்கள் செங்குத்து. துளி வடிவம் தெரிவது மேலிருந்து பார்த்தால்தான்; மூக்கு உருண்டு, நடுவில் பருத்து, பின்னால் கூம்பிப் போகிறது. கண்ணாடியைப் பார்த்து வாய் பிளந்தேன். வளைந்த கண்ணாடி! 1921-ல்! எங்கள் பட்டறையில் வளைந்த கண்ணாடி வருவதற்கு முன்னால், இரண்டு தட்டைக் கண்ணாடியை நடுவில் கம்பி வைத்துச் சேர்த்துத்தான் முன்முகம் செய்வோம். இங்கே உடலோடு கண்ணாடியும் சேர்ந்து வளைகிறது.

மட்கார்டுகள் சக்கரத்தை மூடவில்லை. விமான இறக்கை போல மெல்லிய தட்டைப் பலகைகள், காற்றைக் கிடைமட்டமாக அறுத்துக்கொண்டு போவதற்கு. வால் பக்கத்தில் மீன் செவுள் போன்ற காற்றுத் திறப்புகள்; உள்ளே என்ஜின். பயணிகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால். மூன்று வரிசையாக ஆறு சிலிண்டர், 2,580 சிசி, 36 குதிரைத்திறன். செய்து கொடுத்தது சீமென்ஸ் அண்ட் ஹால்ஸ்க. டிரைவர் முன்னால் நட்டநடுவில் தனியாக உட்காருவார், பின்னால் நான்கு பேர். மணிக்கு 100 கிலோமீட்டருக்குமேல் போனது.

மருமகனுக்கு நான் விளக்கியது இது. மழையில்லாத நாளில் கிராமத்துச் சாலையில் ஓடிவந்த பஸ்ஸைப் பார்த்திருப்பாய். முன் கண்ணாடியில் பூச்சிகள் மட்டும் இருக்கும். பின் கண்ணாடியில் விரலால் பெயர் எழுதலாம், அவ்வளவு தூசி. முன்னால் மோதிய காற்று சுற்றிக்கொண்டு பின்னால் வந்து சேர இடமில்லாமல் சுழல்கிறது. அந்தச் சுழலில் அழுத்தம் குறைவு. அது தூசியையும் உறிஞ்சுகிறது, பஸ்ஸையும் பின்னுக்கு இழுக்கிறது. காற்றை வெட்டுவது பாதி வேலை. வெட்டிய காற்றை மெல்லச் சேர்த்துவைப்பது மீதி வேலை. விமானம் செய்தவர் என்பதால் ரும்ப்ளருக்கு அந்த மீதி தெரிந்திருந்தது.

"அளந்து பார்த்திருக்கிறார்களா மாமா?"

பார்த்திருக்கிறார்கள். 1979-ல் ஒரு துளி வண்டியை ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் காற்றுச் சுரங்கத்தில், அதாவது வண்டியை நிறுத்திவைத்து அதன்மேல் காற்றை வீசிச் சோதிக்கும் கூடத்தில், நிறுத்தினார்கள். காற்றுத்தடைக் கெழு 0.28 வந்தது; இந்த எண் குறையக் குறைய வண்டியின் வடிவம் காற்றில் எளிதாக வழுக்கிப் போகும். இன்று கடையில் வாங்கும் சாதாரணக் கார்களில் பலவற்றுக்கு இதைவிட அதிகம். கம்ப்யூட்டர் கிடையாது, சக்கரமெல்லாம் வெளியே துருத்திக்கொண்டிருக்கிறது, அப்படியிருந்தும் 0.28.

அப்புறம் ஏன் விற்கவில்லை? மொத்தமே 100 வண்டி அளவில்தான் செய்தார், 1925-ல் கதை முடிந்துவிட்டது. என்ஜின் தொல்லை கொடுத்தது; 1924-ல் அதை எடுத்துவிட்டு 4 சிலிண்டர் போட்டார். தோற்றம் சனங்களுக்குப் பிடிக்கவில்லை. இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. நான் வண்டியை நான்கு முறை சுற்றிவந்து வேறொன்றைத் தேடினேன், கிடைக்கவில்லை: சாமான் வைக்க இடம். முன்னால் டிரைவர், நடுவில் ஆட்கள், பின்னால் என்ஜின், அதற்கும் பின்னால் கூர்வால். பெட்டியை எங்கே வைப்பது? பாடி கட்டுகிறவன் முதலில் கேட்கிற கேள்வி இது. காற்றுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த மனிதர் மூட்டை முடிச்சோடு வருகிறவனை மறந்துவிட்டார்.

கடைசியில் நிறைய வண்டிகள் பெர்லினில் டாக்சியாக ஓடின. உயரமான கூரை, ஏறி இறங்க வசதி. நான் நின்று பார்த்த உயரத்துக்கு அங்கேதான் பயன் கிடைத்தது. சில வண்டிகளை 'மெட்ரோபோலிஸ்' என்ற ஜெர்மன் ஊமைப் படத்தில் கொளுத்தினார்கள். இன்று மிச்சமிருப்பவை இரண்டே.

யோசனை மட்டும் வீணாகவில்லை. பென்ஸ் நிறுவனம் உரிமம் வாங்கி, அதே அமைப்பில் பந்தயக் கார் செய்தது. 1923 செப்டம்பரில் மோன்சாவில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரீயில் அது நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் வந்தது. என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். இன்றைய கிராண்ட் பிரீ கார் எதிலும் அது அங்கேதான் இருக்கிறது.

இரவு பையன் அறையில் சோறும் பருப்புப்பொடியும். பெட்டி 6 கிலோ இளைத்தது.

ஐந்தாம் நாள்: ரயிலில்

மருமகனும் கூட வந்தான். பெர்லினுக்குப் போகும் வழியெல்லாம் மழை. சன்னல் கண்ணாடியில் துளிகள் வால் நீட்டிப் பின்னோக்கி ஓடின. ஒரு வேடிக்கை: காற்றில் விழும் மழைத்துளிக்கு வாலே கிடையாது. சின்னத் துளி கோலிக்குண்டு. பெரிய துளி கீழே தட்டையாகி இட்லிபோல ஆகிவிடும். வால் வருவது கண்ணாடியில் வழியும்போதும் குழாயில் சொட்டும்போதும்தான். துளி வண்டி என்ற பெயரே பொய். வடிவம் மட்டும் மெய்.

ஆறாம் நாள்: பெர்லின்

கூரையில் பழைய டகோட்டா விமானத்தை நிறுத்திவைத்திருக்கும் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் இரண்டாவது துளி வண்டி. பத்து நிமிடம் பார்த்தேன், போதும். இன்று மனம் யோஹனிஸ்தாலில் இருந்தது.

ஜெர்மனியின் முதல் விமான நிலையங்களில் ஒன்று, 1909-ல் திறந்தது. ரும்ப்ளரின் விமானத் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. வியன்னாவில் பார்த்த புறாவைச் செய்ய எட்ரிக்கிடம் உரிமம் வாங்கினார். விமானம் நன்றாக விற்றது. அதற்குப் பிறகு உரிமத் தொகையைக் கொடுப்பதை நிறுத்தினார். 'எட்ரிக்' என்ற பெயரையும் எடுத்துவிட்டு 'ரும்ப்ளர் டாவ்ப' என்றே விற்றார். எட்ரிக் வழக்குப் போட்டார். 1914-ல் முதல் உலகப் போர் வந்ததும் எட்ரிக் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார். நிறைய கம்பெனிகள் புறாவைச் செய்தன. ஊரார் சொத்துக்குத் தன் பெயரைப் போட்டுக்கொள்வது எங்கள் தொழிலிலும் உண்டு. ஒருவர் கட்டிய பாடிக்கு இன்னொருவர் தகடு அடிப்பார். கண்டுபிடிப்பதற்கு வழி இருக்கிறது, ஆனால் அதை இங்கே எழுத முடியாது.

போரில் விமானத்திலிருந்து முதன்முதலில் குண்டு விழுந்ததும் இந்தப் புறாவிலிருந்துதான். 1911 நவம்பர் 1, லிபியாவில், ஜூலியோ கவோட்டி என்ற இத்தாலியர் கையால் எடுத்துப் போட்டார். பூசணிக் குடும்பத்து விதை!

ஜெர்மனி தோற்றது, வெர்சாய் ஒப்பந்தம் விமானம் செய்வதைத் தடுத்தது. பறக்க வழியில்லாத ரும்ப்ளர் தரைக்கு வந்தார். அதன் விளைவுதான் நான் தேடி வந்த கார்.

விமான நிலையம் இன்று பூங்கா. ஓடுபாதை கிடந்த இடத்தில் புல், ஓரத்தில் உயர்த்திக் கட்டிய நடைபாதை, அதில் குழந்தை வண்டி தள்ளும் தாய்மார்கள். பக்கத்து ஆட்லர்ஸ்ஹோஃபில் பல்கலைக்கழக வளாகத்துக்குள் 1930-களின் காற்றுச் சுரங்கம் நிற்கிறது. கான்கிரீட் குழாய், கட்டடங்களுக்கு நடுவே மலைப்பாம்பு மாதிரி வளைந்து கிடக்கிறது. அருகில் முட்டை வடிவக் கோபுரம். விமானம் சுழன்று விழுவதை உள்ளே செங்குத்துக் காற்றில் ஆராய்ந்தார்கள். சுரங்கத்தைக் கட்டியது 1932 முதல் 1934 வரை. அந்த இடையில், 1933-ல், ரும்ப்ளரைக் கைது செய்தார்கள். சீக்கிரம் விட்டுவிட்டார்கள், ஆனால் தொழில் அதோடு போயிற்று. அவருடைய ஆவணங்களையும் அழித்தார்கள்.

மருமகன் கான்கிரீட்டைக் கையால் தட்டிப் பார்த்தான். உள்ளே காலி என்பது ஓசையில் தெரிந்தது.

ஏழாம் நாள்: விஸ்மார், ட்சூசோ

ரும்ப்ளர் 1940 செப்டம்பர் 7 அன்று விஸ்மார் பக்கத்தில் ட்சூசோ என்ற கிராமத்தில் இறந்தார். விஸ்மார் செங்கல் தேவாலயங்களின் ஊர், துறைமுகத்தில் மீன் ரொட்டி நன்றாக இருந்தது. அவ்வளவுதான் சொல்ல இருக்கிறது.

ட்சூசோவுக்குப் பஸ் குறைவு. பெர்லினுக்கு இரவு திரும்ப வேண்டும் என்று பெட்டியையும் கூடவே இழுத்துக்கொண்டு போனோம். வயல், தோப்பு, சில வீடுகள், பால்டிக் பக்கத்திலிருந்து ஓயாத காற்று. ஒரு மணி நேரம் நடந்துவிட்டு நிறுத்தத்துக்கு வந்தோம். அங்கே ஒரு பெரியவர், மருமகனின் முதல் கேள்விக்கே மகிழ்ந்துபோய்ப் பேச ஆரம்பித்தார்.

ரும்ப்ளர் என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை. விமானம் செய்தவர், கார் செய்தவர் என்று பையன் சொல்லிக்கொண்டிருக்க, நான் செல்பேசியில் மியூனிக்கில் எடுத்த படத்தைத் திறந்து நீட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். பக்கவாட்டுப் படம், வால் படம், திரும்பவும் பக்கவாட்டுப் படம். தலையை ஆட்டினார், பிடித்திருக்கிறது. பிறகு விரலைத் திரையின்மேல் வைத்து அங்குமிங்கும் தேடிவிட்டு, என் காலடியில் இருந்த பெட்டியைக் காட்டி ஏதோ கேட்டார்.

மருமகன் சிரித்துக்கொண்டே மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். "வேண்டாம் கண்ணு, புரிந்துவிட்டது" என்றேன்.